'கேஸ்லைட் பண்ணாதீங்க!' அடிக்கடி காதில் விழும் இந்த வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் என்ன? பொய் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்ஸ்டா ரீல்ஸ், எக்ஸ் தளம், ஓடிடி சப்டைட்டில், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்... எங்கே பார்த்தாலும் இப்போது ஒரு வார்த்தை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'கேஸ்லைட் பண்ணாத'. காதலி காதலனைப் பார்த்துச் சொல்கிறார். ஊழியர் மேனேஜரைப் பற்றிச் சொல்கிறார். எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைப் பார்த்துச் சொல்கிறது. இன்னும் கொஞ்சம் போனால், 'சாம்பார்ல உப்பு சரியாத்தான் இருக்கு' என்று சொன்ன தம்பியைப் பார்த்து அக்கா 'ஸ்டாப் கேஸ்லைட்டிங் மீ' என்கிறார்.

இதில் பாதிக்கு மேல் தப்பான பயன்பாடு. கேஸ்லைட் பண்ணுவது என்றால் பொய் சொல்வது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் அதில் உண்டுதான். ஆனால் பொய் மட்டும் போதாது.

அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் 2022ஆம் ஆண்டின் சொல்லாக 'கேஸ்லைட்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரே வருடத்தில் அவர்களுடைய இணையதளத்தில் இந்தச் சொல்லைத் தேடியவர்களின் எண்ணிக்கை 1,740 சதவீதம் கூடியிருந்தது. பொதுவாக ஏதாவது பெரிய செய்தி வந்தால்தான் ஒரு சொல்லுக்கான தேடல் திடீரென்று எகிறும். இதற்கு அப்படி ஒரு தனி நிகழ்வே இல்லை. வருடம் முழுக்க, தினமும் யாராவது தேடிக்கொண்டே இருந்தார்கள். அதைவிட ஆறு வருடம் முன்பே, அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி 2016ஆம் ஆண்டுக்கான தேர்வில் இதே வினைச்சொல்லை 'மிகவும் பயனுள்ள சொல்' என்ற பிரிவில் தேர்ந்தெடுத்திருந்தது.

சரி, கேஸ் என்றால் வாயு. லைட் என்றால் விளக்கு. வாயு விளக்குக்கும் ஏமாற்றுவதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நாடகம், ஒரு சினிமா, ஒரு விளக்கு

இங்கிலாந்தின் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகம் 'கேஸ் லைட்'. 1938இல் மேடையேறியது. 1940இல் பிரிட்டனில் படமானது. பிறகு 1944இல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் குகோர் இயக்கத்தில் மறுபடியும் படமானது. உலகம் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருப்பது அந்த இரண்டாவது படத்தைத்தான். கதாநாயகி இங்கிரிட் பெர்க்மனுக்கு சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. வேலைக்காரப் பெண்ணாக வந்த ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு அதுதான் முதல் படம்.

கதை இதுதான். பாலா ஓர் இளம்பெண். (நம்ம ஊர் பாலா இல்லை, அவர் பெயரே அப்படித்தான்.) அவரை வளர்த்த பிரபல ஓபரா பாடகி லண்டன் வீட்டில் கொலை செய்யப்படுகிறார். பல வருடம் கழித்து பாலா, கிரகரி என்பவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார். புருஷன் ஆசைப்பட்டார் என்று அதே லண்டன் வீட்டுக்கே இருவரும் குடிபோகிறார்கள். அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணவர் கொடுத்த நகை கைப்பையில் இருந்து காணாமல் போகிறது. சுவரில் மாட்டியிருந்த படம் காணாமல் போகிறது. 'நீதான் எடுத்து ஒளிச்சு வச்ச, உனக்கே ஞாபகம் இல்ல' என்கிறார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை, கவலைப்படுகிற மாதிரி சொல்கிறார். விஷமே அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, பாலா வெளியே போகக் கூடாது, 'உனக்கு உடம்பு சரியில்ல' என்கிறார். வேலைக்காரர்கள் முன்னாலேயே அவரை மறதிக்காரி ஆக்குகிறார்.

இதற்கு நடுவே, தினமும் ராத்திரி கணவர் வெளியே போன கொஞ்ச நேரத்தில் பாலாவின் அறையில் வாயு விளக்கின் வெளிச்சம் தானாக மங்குகிறது. தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. சொன்னால், 'எல்லாம் உன் கற்பனை'.

உண்மை என்னவென்றால், அந்தப் பாடகியைக் கொன்றதே கிரகரிதான். அவருடைய நகைகள் வீட்டுக்குள்ளேயே எங்கேயோ இருக்கின்றன. வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வேறு வழியாக அதே வீட்டின் பரணுக்கு வந்து, விளக்கை ஏற்றித் தேடுகிறார். அந்தக் காலத்து வாயு விளக்குகள் எல்லாம் ஒரே குழாயில் இருந்து பிரியும். ஒரு இடத்தில் திறந்தால் இன்னொரு இடத்தில் அழுத்தம் குறையும். மாடியில் ஒருத்தர் குழாயைத் திறந்தால் கீழே பாத்ரூமில் ஷவர் நூலாகிவிடும் இல்லையா, அதே கதைதான்.

இந்த இடத்தில் பலரும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். மனைவியைக் குழப்புவதற்காகக் கணவர் விளக்கை மங்க வைத்தார் என்றே நிறைய இடங்களில் எழுதுகிறார்கள். படத்தில் அப்படி இல்லை. விளக்கு மங்கியது அவர் திட்டமிட்டதே அல்ல, தேடும் வேலையின் பக்க விளைவு. அவர் செய்த குற்றம், அந்த மங்கலைக் கண்ணால் பார்த்த பெண்ணிடம் 'நீ பார்க்கவே இல்லை' என்று சொன்னதுதான். கேஸ்லைட் என்ற வினைச்சொல்லின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பாலா தப்பிப்பதும் அதே விளக்கால்தான். ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த ஓர் அதிகாரி அந்த அறைக்கு வருகிறார். அவர் கண் முன்னாலேயே வெளிச்சம் குறைகிறது. தானும் பார்த்ததாக அவர் சொல்லும்போது பாலாவின் முகத்தில் வருகிற நிம்மதிக்காகவே அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஏமாற்றுதல் வேறு, இது வேறு

ஆளை ஏமாற்றுவதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. காதில் பூ சுற்றுவது, தலையில் மிளகாய் அரைப்பது, நாமம் போடுவது, அல்வா கொடுப்பது, டபாய்ப்பது. எழுத்துத் தமிழுக்குப் போனால் ஏய்த்தல், வஞ்சித்தல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். தலையில் மிளகாய் அரைத்தால் அடுத்தவர் செலவில் நமக்கு லாபம். நாமம் போட்டால் கொடுத்த காசு வராது. காதில் பூ சுற்றினால் நம்ப முடியாததை நம்ப வைக்கும் முயற்சி.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. ஏமாற்றுகிறவர் வெளி உலகத்தைப் பற்றித்தான் பொய் சொல்கிறார். இந்த நிலத்துக்கு வில்லங்கம் இல்லை, இந்த நகை 916, இந்த சீட்டு கம்பெனி ஓடாது. ஏமாந்தவருக்கு உண்மை தெரிந்ததும் 'அவன் ஃப்ராடு' என்று சொல்லத் தெரியும். பணம் போகலாம், ஆனால் தன் கண்ணும் தன் புத்தியும் தன்னிடமே இருக்கின்றன.

கேஸ்லைட் பண்ணுகிறவர் குறி வைப்பது அந்தக் கண்ணையும் புத்தியையும்தான். பாதிக்கப்பட்டவரின் வாயில் இருந்து கடைசியில் 'அவன் ஃப்ராடு' என்று வராது. 'எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல' என்றுதான் வரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அங்கே பூசணிக்காயைத்தான் மறைக்கிறார்கள். கேஸ்லைட்டிங்கில் பூசணிக்காய் இலையிலேயே இருக்கும். 'உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் பூசணிக்காயா தெரியுது, டாக்டர்கிட்ட போலாமா?' என்று பரிவோடு கேட்பார்கள்.

தமிழில் இதற்கு மிக நெருக்கமாக வருவது வழக்குப் பேச்சில் சொல்லும் 'பைத்தியக்காரப் பட்டம் கட்டுறது'. 'கிறுக்கி ஆக்கிட்டாங்க' என்றும் கிராமங்களில் சொல்வதுண்டு. 'மனதைக் குழப்பி ஏமாற்றுதல்' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ தேவலாம். ஒரே ஒரு குறை. பட்டம் கட்டுவது ஊர் முன்னால் நடப்பது. கேஸ்லைட்டிங் பெரும்பாலும் நாலு சுவருக்குள் நடப்பது, பாதிக்கப்பட்டவரையே அந்தப் பட்டத்தை நம்ப வைப்பது.

கதையாக வேண்டுமானால் பள்ளிப் பாடத்தில் படித்த ஒன்று ஞாபகம் வரும். பஞ்சதந்திரத்தில் ஒருவர் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். வழியில் மூன்று திருடர்கள் தனித்தனியாக நின்று, 'என்ன சாமி, நாயைத் தூக்கிட்டுப் போறீங்க?' என்கிற ரீதியில் கேட்பார்கள். முதல் ஆளிடம் கோபப்படுவார். இரண்டாவது ஆளிடம் சந்தேகம் வரும். மூன்றாவது ஆள் கேட்டதும் ஆட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார். ஹாமில்டன் நாடகம் எழுதுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வித்தையை நம் கதைகாரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரே பொய்யை, அசராத முகத்தோடு, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் டெக்னிக். ஆனால் அந்தத் திருடர்கள் வழிப்போக்கர்கள். கேஸ்லைட் பண்ணுகிறவர் பெரும்பாலும் கூடவே இருப்பவர், நம்பியே ஆக வேண்டிய ஆள். புருஷன், மாமியார், மேலதிகாரி, உயிர்த்தோழி, டாக்டர்.

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

ஆங்கிலத்தில் இது செயப்படுபொருள் கேட்கும் வினை. யாரை என்ற கேள்விக்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். 'ஹி கேஸ்லைட்டட் ஹெர்' என்றால் சரி. அவர் தாமதமாக வந்ததை மறைக்க டிராஃபிக் மேல் பழி போட்டால், 'ஹி கேஸ்லைட்டட் அபௌட் த டிராஃபிக்' என்று சொன்னால் தப்பு. அது வெறும் 'லை', பொய். இறந்தகாலத்துக்கு கேஸ்லைட்டட், கேஸ்லிட் இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. செய்கிறவரை கேஸ்லைட்டர் என்பார்கள். நாடகத்தின் பெயர் இரண்டு சொல், வினைச்சொல்லாக எழுதும்போது ஒரே சொல். பேச்சுத் தமிழில் 'கேஸ்லைட் பண்றான்' என்று ஒட்டவைத்துக்கொண்டாகிவிட்டது, அதை இனி யாரும் மாற்றப்போவதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. மெரியம் வெப்ஸ்டர் இப்போது இரண்டு அர்த்தம் தருகிறது. ஒன்று மேலே சொன்ன உளவியல் அர்த்தம், அதாவது நீண்ட காலம் ஒருவரை மனரீதியாகக் கையாண்டு, அவரைத் தன் எண்ணத்தையும் நினைவையும் சந்தேகப்பட வைப்பது. இன்னொன்று புதிது. சொந்த லாபத்துக்காக ஒருவரை மிக மோசமாகத் தவறாக வழிநடத்துவது. அரசியல் மேடைகளில் பயன்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அர்த்தம். டிரம்ப் முதல் முறை அதிபராகத் தேர்வான 2016இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இது பலமாக அடிபட்டது. மொழி இப்படித்தான் அகலும், அதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மோசமாக ஏமாற்றுவதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே டிசீவ், மிஸ்லீட், ஹுட்விங்க், பம்பூசில் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. ஹுட்விங்க் என்றால் நேர்ப்பொருளில் கண்ணைக் கட்டிவிடுவது. கண்ணைக் கட்டாமல், திறந்த கண்ணையே சந்தேகப்பட வைப்பதற்கு இருப்பது இந்த ஒரு சொல்தான். அதையும் நீர்க்க விட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெயர் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

உண்மையில் நடந்தது: மார்த்தா மிட்செல்

சினிமாவில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. அமெரிக்க அதிபர் நிக்சனின் நெருங்கிய சகா ஜான் மிட்செல். அட்டர்னி ஜெனரலாக இருந்தவர், 1972இல் நிக்சனின் தேர்தல் பிரசாரத்தைக் கவனித்தவர். அவர் மனைவி மார்த்தா மிட்செல். மனதில் பட்டதைப் பத்திரிகையாளர்களிடம் போனில் பேசிவிடுவதற்குப் பெயர் பெற்றவர்.

1972 ஜூன் 17. வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபடுகிறார்கள். அதில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கார்ட். மார்த்தா குடும்பத்துக்குத் தெரிந்த பாதுகாப்பு ஆள். அந்தப் பெயரைப் பார்த்தால் மார்த்தாவுக்குப் பொறி தட்டிவிடும். அப்போது கலிஃபோர்னியாவில் இருந்த மார்த்தா சில நாள் கழித்து செய்தியாளர் ஹெலன் தாமஸுக்குப் போன் செய்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்படுகிறது. போனைச் சுவரில் இருந்து பிடுங்கினார்கள், தன்னை அறைக்குள் அடைத்தார்கள், பிடித்து வைத்து மயக்க ஊசி போட்டார்கள் என்று பிறகு அவர் சொன்னார்.

யார் நம்பினார்கள்? குடிக்கு அடிமை, மனநிலை சரியில்லை என்று நிக்சன் வட்டாரத்தில் இருந்து செய்தி பரப்பப்பட்டது. கணவரும் அவர் பக்கம் நிற்கவில்லை. பிறகு வாட்டர்கேட் முழுதாக வெடித்தது, நிக்சன் 1974இல் பதவி விலகினார், ஜான் மிட்செல் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். மார்த்தா சொன்னது நிஜம்தான் என்று மெக்கார்டே 1975இல் உறுதிப்படுத்தினார். அடுத்த வருடமே மார்த்தா இறந்துவிட்டார்.

உளவியலில் இன்றைக்கும் 'மார்த்தா மிட்செல் விளைவு' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் சொல்லும் உண்மையான சம்பவத்தை மருத்துவரே மனநோயின் பிரமை என்று தவறாக முடிவு செய்வதைக் குறிப்பது. இந்தக் கதையை வைத்து ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து 2022இல் வந்த சீரிஸின் பெயர் 'கேஸ்லிட்'.

இதற்கும் முன்னால், 1969இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்ற இரண்டு மருத்துவர்கள் 'கேஸ்-லைட் ஃபினாமினன்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார்கள். குடும்பத்தினரே சதி செய்து, நோய் இல்லாத ஒருவரை மனநோயாளியாகக் காட்டி மருத்துவமனையில் சேர்க்கப் பார்த்த சம்பவங்கள் அதில் இருக்கின்றன. 1944 படத்தின் கிரகரிக்கும் அதே திட்டம்தான். மனைவி மனநல விடுதிக்குப் போய்விட்டால் வீடு மொத்தமும் அவர் கையில்.

எல்லா சண்டையும் கேஸ்லைட்டிங் ஆகுமா?

ஆகாது. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக ஞாபகம் வைத்திருப்பது சகஜம். 'போன தீபாவளிக்கு உங்க வீட்டுக்குத்தான் போனோம்', 'இல்ல, எங்க வீட்டுக்குப் போகவே இல்ல' என்று வாக்குவாதம் நடக்காத வீடு எது? கருத்து வேறுபாடு கேஸ்லைட்டிங் இல்லை. விமர்சனமும் இல்லை. 'நீ சொல்றது தப்பு' என்பது வாதம். 'நீ எப்பவுமே இப்படித்தான், உனக்கு மண்டையில ஏதோ கோளாறு, உன் அம்மாவே சொல்லியிருக்காங்க' என்பது வேறு. முதலாவதற்கு ஆதாரம் காட்டிப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் ஆதாரம் காட்டினால், ஆதாரம் சேர்த்ததே நோயின் அறிகுறி ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது தொடர்ச்சி. ஒரு தடவை மறுத்துப் பேசினால் போதாது. மாதக்கணக்கில் நடக்க வேண்டும், ஒருவர் கை ஓங்கியிருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் மெல்ல மெல்லத் தன் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை இழக்க வேண்டும். சின்ன விஷயத்துக்குக்கூட 'நான் பூட்டினேனா, நிஜமாவே பூட்டினேனா?' என்று மற்றவர்களைக் கேட்க ஆரம்பிப்பார்கள். தப்பு செய்யாமலேயே ஸாரி சொல்வார்கள். அம்மா வீட்டுக்குப் போன் பேசுவது குறையும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'நீ என்னை கேஸ்லைட் பண்ற' என்ற குற்றச்சாட்டையே எதிராளியின் வாயை அடைக்கப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி கேட்டவர், இல்லாத ஒரு குற்றத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்து, வேல்ஸில் 2015ஆம் ஆண்டின் தீவிரக் குற்றச் சட்டம், 76ஆவது பிரிவின் கீழ், குடும்ப உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதையே தனிக் குற்றமாக்கியது. அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அடி, உதை இருந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இந்தியாவில் கேஸ்லைட்டிங் என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. ஆனால் கை வைத்தால்தான் வன்முறை என்று நம் சட்டமும் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வார்த்தையாலும் மன ரீதியாகவும் செய்யும் துன்புறுத்தலையும் குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது எல்லாம் அதில் வரும். இந்தச் சட்டத்தின் கீழ் பெண்கள் மட்டுமே நிவாரணம் கேட்க முடியும். பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம், மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகவும் மனு செய்யலாம்.

'இவளுக்குப் பைத்தியம்' என்று வீட்டில் நாலு பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடுமா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் தீர்மானிக்க வேண்டும். முன்பு எப்போதோ மனநல சிகிச்சை எடுத்தார் என்பது மட்டுமே இப்போது நோய் இருப்பதற்குச் சான்று ஆகாது. தூக்கம் வரவில்லை என்று ஒருமுறை டாக்டரைப் பார்த்த சீட்டைக் காட்டி விவாகரத்து மிரட்டல் விடுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

பாதிக்கப்படுவதாகச் சந்தேகம் இருப்பவர்கள், நடந்ததை அன்றன்றைக்கே தேதி போட்டு எழுதி வைப்பது நல்லது. வீட்டில் வேறு யாரும் எடுக்க முடியாத இடமாக இருக்கட்டும், அல்லது நம்பிக்கையான ஒருவருக்கு உடனுக்குடன் மெசேஜாக அனுப்பிவிடலாம். ஒரு வாரம் கழித்து 'அப்படி நடக்கவே இல்லை' என்று சொல்லும்போது, எழுத்தில் இருப்பது கைகொடுக்கும். புகார் என்று போனாலும் அது உதவும். வெளியே ஒரு ஆளிடமாவது சொல்லி வைப்பதும் முக்கியம். வாயு விளக்கு மங்குவதைப் பார்க்க பாலாவுக்கும் இரண்டாவது ஜோடிக் கண் தேவைப்பட்டது.

பெண்கள் உதவி எண் 181. ஆண், பெண் யாராக இருந்தாலும் மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. டெலி-மானஸில் தமிழிலும் பேசலாம்.